பாலைச் சோதிக்கும் முன் புண்ணாக்கைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பால் கலப்படம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர், யூரியா, சோப்புத்தூள் எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். சரி. ஆனால் யாரும் கலக்காமலேயே பாலுக்குள் வந்து சேரும் ஒரு நஞ்சைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை இவற்றில் பூக்கும் அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம் அதை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் வரை செத்து விழுந்தன. என்ன நோயென்று தெரியாமல் ‘எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்துத் தேடியவர்கள், கடைசியில் பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். நம் நாட்டிலும் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, கல்லீரல் கெட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

மாடு அப்படிச் சட்டென்று சாகாது. கெட்ட புண்ணாக்கைத் தின்றால் அதிலுள்ள பி1 என்ற நஞ்சில் ஒரு பங்கு மாட்டின் கல்லீரலில் எம்1 என்று மாறி ஒரே நாளில் பாலில் இறங்கிவிடும். தின்றதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை பாலுக்கு வரும் என்கிறார்கள். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சு ஏறிய புண்ணாக்கில் 2 கிலோ தின்றால் மாட்டின் வயிற்றுக்குள் போவது 400. அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் 8. மாடு 8 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். சட்டம் அனுமதிப்பது 0.5. அதாவது இரண்டு மடங்கு. காய்ச்சினாலும் இது போகாது.

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உடலுக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12. அஃப்ளாடாக்சின் அளவு மீறியவை 368. அதில் நம் தமிழ்நாட்டின் கணக்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 551 மாதிரிகளில் 88. எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை.

போன ஐப்பசி மழையில் ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கு வாங்கினேன். தைத்திருந்த வாயைப் பிரித்ததுமே மக்கிய வாடை. ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சளும் பச்சையுமாகத் தூள் பூத்திருந்தது. “வெயில்ல காயப்போட்டு ஊறவைங்கம்மா, ஒண்ணும் பண்ணாது” என்றார் கடைக்காரர். பல வருடமாக நானும் அப்படித்தான் செய்துவந்தேன். வெயிலில் வாடை போகும், மேலே பூத்தது உதிரும், ஆனால் உள்ளே ஏறிய நஞ்சு அப்படியே இருக்கும் என்று எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மூட்டையை எருக்குழியில் கொட்டினேன். அந்த வாரப் பால் பணம் அதோடு போயிற்று. அப்படிக் கொட்ட முடியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

பூசணம் மூட்டையில்தான் தொடங்குகிறது என்றும் நினைக்க வேண்டாம். காய் முற்றும் கடைசி சில வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்தால், கரையான் காயின் மேலோட்டை அரித்தால், மண்ணிலிருக்கும் பூசணம் கொல்லையிலேயே பருப்புக்குள் போய்விடும். மானாவாரிக் கடலைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பிறகு பிடுங்கிய காயைச் சரியாகக் காய வைக்காமல் குவித்து வைக்கிறோம். மெஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்கக்கூடாது என்று காய்ந்த காயின் மேல் தண்ணீர் வேறு தெளிக்கிறார்கள். நல்ல பருப்பு தனியாகப் போகிறது. சுருங்கியது, நிறம் மாறியது, சொத்தை எல்லாம் எண்ணெய்க்குப் போகின்றன. ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு எண்ணெயில் போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. மனிதர் தின்ன ஆகாது என்று பொறுக்கி ஒதுக்கியது கடைசியில் என் மாட்டுத் தொட்டிக்கு வருகிறது.

ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நஞ்சைக் குறைந்த செலவில் கண்டுபிடிக்கும் சோதனை முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. நஞ்சு சுரக்காத அதே வகைப் பூசணத்தை வயலில் தூவி, நஞ்சுப் பூசணத்துக்கு இடமில்லாமல் செய்யும் முறை நைஜீரியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் விவசாயிகள் கைக்கே வந்துவிட்டது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கத் தனி ஆய்வகம் இருக்கிறது. ஆனால் ஒரு மூட்டை வாங்குகிற நான், அதில் கைப்பிடி எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்கு பஸ் ஏறவா முடியும்?

கலப்புத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. கடையில் எடை போட்டு வாங்கும் புண்ணாக்கை யாரும் சோதித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் சொசைட்டியில் பாலின் ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு போக மீதிச் சத்து) பார்க்க மெஷின் இருக்கிறது, ஒரு புள்ளி குறைந்தாலும் காசு குறைகிறது. அதே மேசையில், மழை மாதங்களிலாவது புண்ணாக்குச் சோதனைக்கும் ஒரு கிட் வைக்கச் சொல்லுங்கள். மூட்டையில் ஆட்டிய தேதியும் சோதித்த அளவும் அச்சிட வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும். தண்டனை மட்டும் பால் ஊற்றுகிறவர் தலையில் வந்து விழக்கூடாது.

அப்புறம், உங்களிடம் நேராக ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபரை நாலைந்து ஊர்ச் சந்தைகளுக்கு அனுப்பிப் புண்ணாக்கு வாங்கிவரச் சொல்லி, ஆய்வகத்தில் கொடுத்து, வரும் முடிவை அப்படியே அச்சிடுங்கள். என் கொட்டகையில் இப்போது பாதி மூட்டை இருக்கிறது. அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கறவை மாடு வைத்திருக்கும் ஒரு வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்