முதலில் பதிவேட்டை எடு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அருங்காட்சியகப் படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்காட்சிக் கூடத்தைவிட அந்தப் பின்னறையில்தான் எனக்குக் கண் போனது. தூசி படிந்த பெட்டிகள், சுவரில் சாய்த்து வைத்த போட்டோ சட்டங்கள், மூலையில் மூன்று தையல் மெஷின்கள். சின்ன ஊர் அருங்காட்சியகம் என்றால் தையல் மெஷினுக்குப் பஞ்சமே இருக்காது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், தூக்கிப்போடவும் மனசு வராமல் நம்மிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். நாலாவதாக ஒன்று வந்தால் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பு.

சீக்கிரம் கூடத்தை மாற்றித் திறப்பு விழா வைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வைக்கலாம். அதற்கு முன்னால் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். என்ன பொருள், யார் கொடுத்தது, எப்போது வந்தது, எங்கே எதற்குப் பயன்பட்டது என்று எழுதப்படாத லாந்தர் எந்தப் பழைய சாமான் கடையிலும் கிடைக்கும். இரவு ரயிலுக்கு விளக்குக் காட்டியவர் கையில் இருந்தது அது என்று தெரிந்தால்தான் நம் ஊர்க்காரர் நின்று பார்ப்பார். கொடுத்தவர்களில் வயதானவர்களை முதலில் போய்ப் பார். அவர்கள் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்.

பொருள்மேல் பதிவு எண் எழுதுவதை அவசர வேலையாக நினைக்காதே. 2025.7.3 என்றால் அந்த ஆண்டு, ஏழாவது நன்கொடை, அதில் மூன்றாவது பொருள். உலோகம், பீங்கான் என்றால் கண்ணில் படாத அடிப்பக்கத்தில் பாரலாய்ட் பி-72 என்ற நிறமில்லாத பிசினை ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மறுபடி ஒரு பூச்சு. பின்னால் அழிக்க வேண்டுமென்றால் அசிட்டோனில் வந்துவிடும். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதி லேசாகத் தைத்துவிடு. போட்டோவின் பின்னால் மெல்லிய பென்சில் மட்டும், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா, செலோடேப் இரண்டையும் அந்த அறைக்குள்ளேயே விடாதே.

வெள்ளிக் கோப்பைகளை விழாவுக்காகப் பளபளவென்று தேய்க்கச் சொல்வார்கள். தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளி போகிறது. பொறித்த பெயரும் மழுங்கும். கடிதம், பழைய துணி, சாயம் போகக்கூடிய எதற்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம், லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. இருட்டாக இருக்கிறதே என்று குறைபடுவார்கள், படட்டும். வெளிறிப்போன சாயம் திரும்பி வராது. அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை கடிதத்தை மாற்றி வேறொன்றை வை.

யாராவது 'நிரந்தரக் கடனாக வைத்துக்கொள்ளுங்கள்' என்றால் வாங்காதே. பேரன் காலத்தில் வழக்காக வந்து நிற்கும். நன்கொடை என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. இல்லையென்றால் திருப்பித் தரும் தேதி போட்ட கடன் சீட்டு.

இப்போது கூடத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பட்டியலில் பெரிய குடும்பங்களின் ஓவியமும் விருதும்தான் நிறைய இருக்கின்றன. தப்பில்லை, கொடுத்தவர்கள் அவர்கள்தானே. பிரசவம் பார்த்தவள், துணி வெளுத்தவர், வேலை தேடி வந்து தங்கியவர்கள் யாருமே இல்லையே என்பதுதான் என் குறை. அவர்கள் பொருள் சேர்த்து வைக்கவில்லை. ஆனால் குழுப் போட்டோக்களில் ஓரமாக நிற்பார்கள். அப்படி ஒன்றைப் பெரிதாகப் பிரதி எடு, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போடு, கீழே ஒரு நோட்டும் பென்சிலும் வை. மூல போட்டோ பெட்டியிலேயே இருக்கட்டும். வருகிறவர்கள் 'பதினாலு என் அத்தை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். சில பேர் தப்பாகவும் எழுதுவார்கள், பிறகு ஒத்துப் பார்த்துக்கொள். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, கூட்டம் சேர்க்கிற கண்காட்சி கிடையாது.

2020-ல் கடை வாசலில் ஒட்டிய 'முகக்கவசம் அணிந்து வரவும்' சீட்டு எங்காவது கிடைக்குமா என்று விசாரி. இன்னும் கொஞ்ச நாளில் ஒன்றுகூட மிஞ்சாது.

விளக்கக் குறிப்புகளை 60 சொல்லுக்குள் எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். பின்னறைக் கூரையில் ஒரு கறை தெரிகிறது. அதன் கீழே இருக்கும் பெட்டிகளை இந்த வாரமே நகர்த்திவிடு. தரையில் வைக்காதே, கட்டை போட்டு வை.

அன்புடன்,
அம்மா