பெயர் தெரியாதவர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்களில் மாண்ட எங்கள் ஊர்க்காரர்களுக்காகப் பொதுமக்களே நிதி திரட்டி எழுப்பிவரும் நினைவுத்தூணைப் பற்றித் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் சென்ற வாரம் செய்தி வந்திருந்தது. செய்தி வந்ததில் மகிழ்ச்சியே. ஆனால், 'விடுதலைக்கு முன் வெள்ளையர் படையில் சேர்ந்து மறைந்த, பெயர் தெரியாத பலரின் நினைவாகவும்' என்றிருந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. யாருக்குத் தெரியாத பெயர்?

என் பெரியப்பா மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவில் சேர்ந்து 1944-இல் பர்மாப் போர்முனையில் மாண்டவர். உடல் வரவில்லை, தந்திதான் வந்தது. அதன்பின் அப்பத்தாவுக்கு மாதாமாதம் பென்சன் மணியார்டரில் வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பாவின் பெயரையும் படை எண்ணையும் உரக்கப் படிப்பார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் அப்பத்தா மையைத் தொட்டுக் கைநாட்டு வைப்பார். தெருவே கேட்ட பெயர் அது. யாங்கூனுக்கு வடக்கே தௌக்யான் நினைவு மண்டபத்தில், கல்லறை இன்னதென்று அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களோடு இன்றும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்தே வருகின்றன. அயல்நாட்டில் கிடைக்கிற பெயர் சொந்த ஊர்த் தூணில் கிடைக்காது என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நிலை இதைவிடக் கொடுமை. எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லும் கல் ஒன்று உண்டு. சாவடியைப் புதுப்பித்தபோது அதன்மீதும் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். முறையிட்டபோது, "பழைய கல்தானே ஐயா" என்று பதில் வந்தது. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலும் இந்தியப் படையைப் பொறுத்தவரை அதிகாரிகளுக்குத்தான் பெயர். நம் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கைதான். இப்படிப் பாரபட்சம் காட்டப்பட்டதை அந்த ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களே வருந்திய தவற்றை நாம் கருங்கல்லில் புதிதாகச் செதுக்கப் போகிறோமா?

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை. அங்கே 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகல், கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்று ஆய்வாளர்கள் கூறுவதைத் தாங்கள் அறிவீர்கள். கூடலூரில் ஆநிரை கவர்ந்த ஆகோள் பூசலில் விழுந்த அந்தவன் என்ற வீரனின் பெயரைத் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டி வைத்தவர்களின் மண் இது.

நினைவுக் குழுவின் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அவர்கள் கூலிக்குப் போனவர்கள்" என்றார் ஒருவர். மழை பொய்த்த மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு, வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் போனவர்களை அப்படிச் சொல்ல எப்படி நா எழுந்ததோ தெரியவில்லை. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மாண்டவர்களைப் போற்றுவது நம் கடமை. அதற்காக மற்றவர்களின் சாவைச் சிறிதாக்க வேண்டியதில்லை. கடைசியில், தூணில் இடமில்லை என்று காரணம் சொன்னார்கள். பீடத்தின் இரண்டு பக்கங்களிலும் உபயதாரர்களின் பெயர்கள் பொன் எழுத்தில் வரப்போகின்றன என்பதைத் தங்கள் செய்தியாளர் கவனித்தாரா?

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. 'பெயர் தெரியாத' என்ற சொற்களைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். தந்தி, பென்சன் புத்தகம், பதக்கம் என எந்தச் சான்று வைத்திருக்கும் குடும்பமும், திறப்பு விழாவுக்கு முன் ஊராட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிவுசெய்ய ஒரு நோட்டு வைக்கும்படி குழுவினரைத் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகிறேன். பெரியப்பாவின் சான்றுகளின் நகல்களை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.