மோதிரத்தைக் கழற்றி வை

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ பேசி இருபது நாட்கள் ஆகின்றன; ஆய்வுக்கூடத்தில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சென்ற முறை அம்மா காட்டிய கல்யாணப் பத்திரிகையை நீ இடது கண்ணை மூடிக்கொண்டு படித்தாய். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெர்மனியின் யேனா நகரில் உன் மேசையில் இருப்பது 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் என்று நீ சொன்னபோது பூரித்துப்போனேன். இப்போது அந்த எண்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளியாக இருந்தும், கருவிழியும் லென்சும் அதைத் தடுக்காமல் உள்ளே விட்டு விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கின்றன. அங்கே அதன் செறிவு ஒரு லட்சம் மடங்கு வரை கூடிவிடும். கண் சிமிட்டவே கால் விநாடி ஆகும். உன் லேசரின் துடிப்போ சில நானோ விநாடிகளில் முடிந்துவிடும். விழித்திரைக்கு வலியும் தெரியாது. ஆகவே வலிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாதே.

பாட்டியின் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும். பளபளப்பான எதில் பட்டாலும் லேசர் கற்றை திரும்பி வரும். கற்றையின் மட்டத்துக்குத் தலையைக் குனியாதே. பச்சை லேசருக்கான கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்கும் என்று நம்பாமல், அதில் எழுதியுள்ள அலைநீளத்தைப் பார்த்து அணிந்துகொள். இதெல்லாம் எனக்குக் கற்றுத்தர வேண்டியவள் நீ. நள்ளிரவில் தனியாகக் கற்றையைச் சரிசெய்ததாகச் சொன்னவளும் நீதான். மோதிரத்தைக் கழற்றி வை.

தேர்த் திருவிழாவில் வாங்கிய அந்தப் பச்சை லேசரின் அட்டையில், கண்ணில் காட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் அதை வாசித்தேன், மீனா. வாசித்துவிட்டு அட்டையைக் கிழித்துப் போட்டு, விளையாட்டுப் பொருள்தானே என்று உன் கையில் கொடுத்தேன். தம்பியின் விழித்திரை நடுவில், கூர்மையாகப் பார்க்க உதவும் மஞ்சள் புள்ளியில் தழும்பு விழுந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, பெரியம்மா முதல் எல்லோரும் ஒன்பது வயதுப் பிள்ளையான உன்மேல் பழியைப் போட்டபோது, நான் வாயைத் திறக்கவில்லை. பதினாறு வருடங்களாகத் திறக்கவில்லை.

நேற்று அம்மாவிடமும் தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் கண் மருத்துவரிடம் போய் விழித்திரையை ஸ்கேன் எடுத்துப் பார். என்ன சொன்னாலும் எனக்கு எழுது. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா