காலை ஆறேகாலுக்கு ஒருமுறை வந்து பாருங்கள், ஐயா

பெறுநர்: மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்

பொருள்: பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை வரிசை அஞ்சடியில், அதாவது கடைமுன் கூரையுள்ள நடைபாதையில், காலை நேரத்துச் சிகரெட் புகை (நான்காவது மனு)

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் மூன்று முறை எழுதிவிட்டேன். பிப்ரவரியில் மலாயில் ஒரு கடிதம், என் மகள் திருத்திக் கொடுத்தது. ஜூனில் நேரில் வந்து முகப்பில் கொடுத்து, நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு போனேன். செப்டம்பரில் இணையத்தில் ஓர் அடுவான் (புகார்) போட்டேன், அதற்கு ஒரு எண் வந்தது, எண்ணோடு சரி. இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். நீங்களும் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று தீபாவளி உபசரிப்பில் மேடையில் சொன்னீர்கள், நான் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் எந்தக் கடை, எந்த அஞ்சடி என்று நான் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. நீங்களே அங்கே பசியாறியிருப்பீர்கள்.

1. முதலில் என்னைப் பற்றி. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன், முப்பத்தொரு வருடம் சிகரெட் பிடித்தவன். நாளைக்கு ஒரு பெட்டி, மழை நாளில் அதற்கு மேலும். போன வருடம் உங்கள் கிளினிக்கில்தான் நிறுத்தினேன். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள், எண் 19 என்று காட்டியது, அது மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்று தாதி சொன்னார். நிகோட்டின் சூயிங்கம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஊதியபோது 2. அந்தப் பிள்ளைக்கு என் நன்றியை நீங்கள் சொல்ல வேண்டும், இந்த மனுவில் மனதார எழுதுகிற ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

2. நிறுத்தி மூன்றாவது வாரம் மூக்கு திரும்பி வந்தது. முதலில் சந்தோஷம், கறிவேப்பிலை தாளிக்கிற வாசம் தெருமுனை வரைக்கும் தெரிந்தது. அப்புறம்தான் மற்றதும் தெரிய ஆரம்பித்தது. அலமாரியில் தொங்கிய என் பழைய சட்டைகள், லோரி இருக்கை, வீட்டுத் திரைச்சீலை, எல்லாவற்றிலும் நான்தான். என் மனைவி இத்தனை வருடமாக என் துணியைத் தனியாக ஊற வைத்ததற்கு லோரி எண்ணெய்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அம்மா தோட்டத்து ரப்பர் புகைக்கூண்டில் வேலை செய்தவர். வெள்ளையாக உள்ளே போகிற ஷீட் நாலைந்து நாளில் தேன் நிறத்தில் வெளியே வரும். பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான், இருந்தும் வீட்டுக்குள்ளே முப்பத்தொரு வருடம் புகை போட்டிருக்கிறேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், நாளைக்கு யாராவது ‘இவன் மட்டும் யோக்கியமா’ என்று உங்களிடம் வந்து சொல்வதற்கு முன்னால்.

3. சட்டம் உங்களுக்குத் தெரியும். மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது, பிடிக்கிறவர் 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். முதல் வருடம் எச்சரிக்கை மட்டும், 2020-லிருந்து அபராதம். 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852-வது சட்டம், வேப் என்கிற மின் சிகரெட்டும் அதில் சேர்ந்தது. 2007 முதல் பிறந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்றுகூட மசோதாவில் ஒரு பகுதி இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். சரி, அது உங்கள் மேசைக்கு வருகிற விஷயம் இல்லை. நம் கடையில் ‘டிலாராங் மெரோக்கோ’ (புகைபிடிக்கத் தடை) பலகை இருக்கிறது. தரையில் மஞ்சள் கோடும் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே அஞ்சடியில் ஆறு மேசை போட்டிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டி மேசை போட்டால் அந்த மேசையும் கடைதானே ஐயா? 3 மீட்டரை அங்கிருந்துதானே அளக்க வேண்டும்? அளந்தால் பேருந்து நிலையத்துக்குள் போய் நிற்கும், அங்கேயும் பிடிக்கக் கூடாது.

4. இப்போது என் பேத்தியைப் பற்றி. இதற்காகத்தான் மற்றதெல்லாம். அவள் இரண்டாம் வகுப்பு, இழுப்பு உள்ள பிள்ளை, பையில் புத்தகத்துக்கு முன்னால் மூச்சு மருந்துப் பம்ப் வைப்போம். பள்ளி வேன் அந்த அஞ்சடி முனையில் மட்டும்தான் நிற்கும். ஒருவழிச் சாலை, எதிர்ப்பக்கம் மூடியில்லாத கால்வாய், அந்த நேரத்தில் குலை லோரி வேறு வரிசையாக மில்லுக்குப் போகும். நான் ஓட்டிய சாலை, எத்தனை வேகத்தில் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே அங்கேதான் நிற்கிறோம், நாங்கள் மட்டும் இல்லை, பதினைந்து பதினாறு பிள்ளைகள். ஆறேகாலுக்கு இன்னும் இருட்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் புகை மேசையிலிருந்து எழும்பி ஓட்டுக்கடியில் தேங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். மழை பெய்தால் எல்லாரும் உள்ளே நெருங்குவார்கள், சாரல் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம். வாயில் இழுத்து விடுகிற புகை கொஞ்சம்தான், விரலிடுக்கில் சும்மா எரிகிறதே, அதுதான் பெரும்பகுதி, அது பில்டர் வழியாகக்கூட வராது என்று கிளினிக்கில் சொன்னார்கள். இவ்வளவு வரை மூச்சுவிடலாம், ஆபத்தில்லை என்று ஓர் அளவே கிடையாதாம், உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. என் பேத்தி முகத்தைச் சட்டைக் காலருக்குள் புதைத்துக்கொள்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வேனில் ஏறின பிள்ளையை, பாதி வழியில் ஓட்டுநர் போன் செய்து திருப்பிக் கொண்டுவந்தார். உதடு நீலம். கிளினிக்கில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தும் வெள்ளையாகப் புகை மாதிரித்தான் வந்தது, “தாத்தா, இது நல்ல புகையா?” என்று கேட்டாள். நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

5. மூலை மேசையில் காலை தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) சிகரெட்டுமாக நான் எத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா. அப்போதும் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு அம்மா முறைத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, ‘பெரிய ராணி’ என்று நினைத்துக்கொண்டேன். அதனால் பலகையைப் பார்த்து யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். சம்மன் விழுந்தால் போவார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

6. உங்கள் ஆட்கள் வரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தார்கள், இரண்டு முறை, பதினொரு மணிக்கு! அந்த நேரத்தில் அங்கே ஈதான் உட்கார்ந்திருக்கும். வேனைக் கடை வாசலில் நிறுத்தி, பூட்ஸ் மாட்டி இறங்குவதற்குள் சாம்பல் தட்டும் பழைய பால் டின்னும் பின்கட்டுக்குப் போய்விட்டன. கடைக்காரர் என்னிடம், “அண்ணே, கஸ்டமரை நான் எப்படி எழுப்புவேன்? எழுப்பினால் பக்கத்துக் கடைக்குப் போவான்” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் கடையை மூடச் சொல்லி எழுதவில்லை, பெயரும் எழுதவில்லை.

7. வேப் பிடிக்கிற பையன்கள் தனி. கொய்யா வாசம். பேத்தி ஒருநாள் ‘மணக்குது’ என்றாள், அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

8. ஆறேகாலிலிருந்து ஏழு வரை, ஐயா. முக்கால் மணி நேரம். நாள் முழுக்கக் கேட்கவில்லை.

9. மூன்று கடிதத்துக்கு ஒரு வரி பதில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ‘கிடைத்தது’ என்றாவது? கோபமாக எழுதுகிறேன் என்றால் மன்னிக்கவும். மகள் படித்துவிட்டு இந்த வரியை எடுக்கச் சொன்னாள், எடுக்க மனம் வரவில்லை.

தயவுசெய்து அஞ்சடி மேசைகளைக் கோட்டுக்கு உள்ளே போடச் சொல்லுங்கள். பள்ளி நாளில் ஒரு வாரமாவது காலை ஆறேகாலுக்கு இரண்டு அதிகாரிகளை, வேனைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே வாருங்கள். முனைத் தூணோரம், நீலப் பையோடு ஒரு பிள்ளையும் நானும் நிற்போம். தண்ணிகூட வாங்கித் தர மாட்டேன், பிறகு அதை யாராவது லஞ்சம் என்பார்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பழைய தோட்ட லயத்துக்காரன், முன்னாள் லோரி ஓட்டுநர்

இணைப்பு: ஜூன் மாத மனுவின் முத்திரையிட்ட நகல் ஒன்று, காலை 6.20-க்கு எடுத்த படங்கள் நான்கு (முகங்கள் மறைக்கப்பட்டுள்ளன).