தோல் பர்ஸ் தைக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நீ வரைந்தனுப்பிய பர்ஸின் படத்தை இரண்டு நாளாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றாடம் கையில் புழங்கும் ஒரு பொருளை நீயே தைத்துக்கொள்ள நினைத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு பைகளை அடுக்கியிருக்கிறாய். ஒரு மில்லிமீட்டர் தோலில் வெட்டினாலும், மடித்தால் கார்டு வைக்கும் முன்பே ஓரம் பத்து மில்லிமீட்டர் ஆகிவிடும்.

மடிப்பே வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்நூறு ரூபாய் நோட்டின் நீளம் 150 மி.மீ., அகலம் 66 மி.மீ.; ஒருமுறை மடித்தால் நீளம் 75 ஆகிவிடும். கார்டின் நீளமோ 85.6 மி.மீ. ஆகவே கார்டு நுழையும் இடத்தில் மடித்த நோட்டும் தாராளமாக நுழையும். நடுவில் நோட்டுக்கு ஒரு பையும், முன்னும் பின்னும் கார்டுக்கு ஒவ்வொரு பையும் போதும். நான்கு அடுக்குத் தோலும் நான்கு கார்டும் சேர்ந்து ஏழு மில்லிமீட்டர்தான் வரும்.

அகலத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. உன் தாய்மாமாவுக்கு நான் முதன்முதலில் தைத்த பர்ஸில், கார்டை வைத்து அளந்து 86 மில்லிமீட்டருக்கே இரு பக்கத் தையலையும் போட்டுவிட்டேன். இரண்டாவது கார்டை அவர் அழுத்தி நுழைத்தபோது பையின் வாயருகே தோல் கிழிந்தது. அந்த வருத்தம் இன்னும் எனக்குண்டு. தையலுக்குத் தையல் 90 மி.மீ. விடு, அதற்கு வெளியே பக்கத்துக்கு 4 மி.மீ. இருக்கட்டும்.

தையல் விழும் ஓரங்களை உட்புறம் பாதிக் கனத்துக்குச் சீவிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தித் தைத்தால், ஓரிடத்தில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒன்றைச் சென்னைப் பெரியமேட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தோலின் ஓரத்தை லேசாக நனைத்து மரக்கட்டையால் தேய்த்தால், அடுக்குகள் ஒன்றிப்போய்ப் பளபளப்பு வரும். தோலை வெட்டுமுன் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒன்று செய்து, ஒரு வாரம் பையில் வைத்திருந்து பார். எங்கே இடிக்கிறது என்று எழுது. தோலை அதன் பிறகு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா