ஆண்டறிக்கை 2025: கதவும் கமராவும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, வாழைச்சேனையிலிருந்தும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் நேரத்தோடு வந்து சேர்ந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கமரா, மின்பூட்டு, அலாரம் பொருத்தும் எங்கள் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுச்சபை முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் மழை வெள்ளத்தில் தடைப்பட்டது. அந்தக் கிழமை பலருக்குக் கடைச் சாமான்களைத் தூக்கி உயரத்தில் வைக்கவே நேரம் போதவில்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாப் பாக்கி பற்றி அவர் சொல்லவிருப்பதை நான் முந்திக்கொண்டு சொல்லவில்லை.

இந்த ஆண்டு எங்கள் கூட்டங்களில் பெரும்பாலான நேரம் ஒரே விடயத்தில்தான் போனது: கதவையும் கமராவையும் இணைப்பது. முன்பெல்லாம் கமராவை ஒருவர் பொருத்துவார், கைரேகைக் கதவை இன்னொருவர் பொருத்துவார், இருவரும் சந்திப்பதே இல்லை. இப்போது நகரத்து மொத்த வியாபாரி முதல் பாசிக்குடா விடுதிக்காரர் வரை கேட்பது ஒன்றுதான்: "ஆராவது கதவத் திறந்தா அந்தப் படம் தானா வரவேணும்." கேட்பதில் நியாயம் இருக்கிறது. திறக்கக் காட்டிய அட்டை யாருடையது என்பதை மட்டும்தான் கதவு எழுதி வைக்கும். அந்த அட்டையைக் கொண்டுவந்தவர் யார் என்பது கமராவுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் அதிகம் ஓடுகிற 125 கிலோஹேர்ட்ஸ் அட்டையை மலிவான ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் பிரதியெடுத்துவிடலாம். அப்படியிருக்க, கதவின் பதிவேட்டை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்குவது பெரிய பிழை.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு நகரில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். கடையின் பெயரோ ஆட்களின் பெயரோ தேவையில்லை. களஞ்சியக் கதவு மாலை 6.42க்கு ஒரு வேலைப் பையனின் அட்டையால் திறக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. முதலாளி அந்த நேரத்துப் படத்தைப் போட்டுப் பார்த்தார். கதவு சாத்தியபடி இருக்கிறது, ஆளரவம் இல்லை. "படத்த அழிச்சிப்போட்டான்" என்று முடிவுகட்டி, பையனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் அங்கத்தவர் ஒருவர் போய்ப் பார்த்தார். அவர் முதலில் செய்த வேலை மென்பொருளைத் திறப்பது அல்ல. தன் கைத்தொலைபேசியில் விநாடியோடு மணியைக் காட்ட வைத்து, அதைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். பிறகு கதவடியில் ஓர் அட்டையைக் காட்டிவிட்டு, பதிவேட்டில் என்ன நேரம் விழுகிறது என்று பார்த்தார். கமராவின் நேரம் சரி. கதவைத் திறந்து பதிவும் வைக்கும் பெட்டியான கதவுக் கொன்ட்ரோலர் பதினொரு நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. 6.53க்குரிய படத்தைப் போட்டால், பையனும் முதலாளியின் மைத்துனரும் சேர்ந்து அரிசி மூட்டை இறக்கி வைக்கிறார்கள். "அப்ப கதவுதான் பொய் சொல்லியிருக்கு" என்றாராம் முதலாளி. பையன் மறுநாள் வேலைக்குத் திரும்பினான். மன்னிப்புக் கேட்கப்பட்டதா என்று நான் விசாரிக்கவில்லை.

பதினொரு நிமிடம் எங்கிருந்து வந்தது? கொன்ட்ரோலருக்குள் இருக்கும் குவார்ட்ஸ் பளிங்கு பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 விநாடி விலகும். வருடத்துக்கு அது பத்து நிமிடத்தைத் தாண்டும். பொருத்திய நாளில் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, இணையத் தொடர்பில்லாமல் விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். இதைவிட மோசமானவையும் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த சில என்விஆர்கள் (கமராப் படங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சீன நேரத்திலேயே ஓடும், அது எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. உள்ளே இருக்கும் நாணயப் பற்றரி செத்துப்போன கொன்ட்ரோலர், மின்சாரம் போய் வந்ததும் 2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதிக்குத் திரும்பிவிடும். இப்படி நேரம் பிசகிய இரண்டு கருவிகளை எவ்வளவு விலையான மென்பொருளால் இணைத்தாலும், அது காட்டும் படம் வேறொருவருடையதாகத்தான் இருக்கும்.

ஆகவே மே மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். கதவையும் கமராவையும் இணைக்கும் வேலை எதுவானாலும், முதலில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு கருவி மற்றவைக்கு நேரம் கொடுக்க வேண்டும். என்விஆரையோ ரௌட்டரையோ என்டிபி நேர வழங்கியாக வைத்து, கமராக்களும் கொன்ட்ரோலரும் அதனிடமே நேரம் கேட்கும்படி செய்ய வேண்டும். இணையம் அறுந்தாலும் எல்லாம் ஒன்றாகவே பிசகும். ஒன்றாகப் பிசகினால் பதிவேட்டுக்கும் படத்துக்கும் இடையில் பிணக்கு வராது. பராமரிப்புக்குப் போகும்போதெல்லாம் தொலைபேசியைக் கமராவுக்குக் காட்டிப் பார்ப்பதும் இதில் அடங்கும். செலவில்லாத வேலை.

மின்சாரத்துக்கு வருகிறேன். பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார், நாங்களும் சிரித்தோம். ஆனால் எங்கள் தொழிலுக்கு அது பரீட்சை நாள். காந்தப் பூட்டு மின்சாரம் இருந்தால்தான் பிடிக்கும். மின்சாரம் நின்றால் திறந்துவிடும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். 280 கிலோ இழுவையுள்ள ஒரு பூட்டு 12 வோல்ட்டில் ஏறத்தாழ அரை அம்பியர் எடுக்கும். கொன்ட்ரோலரையும் அட்டையை வாசிக்கும் ரீடரையும் சேர்த்தால் முக்கால் அம்பியர் என்று வைப்போம். 7 அம்பியர்-மணி பற்றரி கடதாசிக் கணக்கில் ஒன்பது மணித்தியாலம் தாங்கும். எங்கள் வெக்கையில் இரண்டு வருடம் கிடந்த பற்றரி அதில் பாதி தாங்கினாலே பெரிய விடயம். கமராவும் என்விஆரும் தொங்குவதோ ஒரு சின்ன யூபிஎஸ்ஸில், அது அரை மணித்தியாலத்தில் மூச்சை விட்டுவிடும். விளைவு என்னவென்றால், அன்று பல கட்டடங்களில் கதவு திறக்கும் நேரம் வந்தபோது அதைப் படமெடுக்கக் கமரா உயிரோடு இல்லை. ஞாயிறு என்பதால் ஆள் நடமாட்டமும் இல்லை. களவு எதுவும் போனதாக எங்களுக்கு முறைப்பாடு வராதது அதிர்ஷ்டம்.

மின்சாரம் திரும்பிய பிறகு இன்னொரு பிரச்சினை தலைகாட்டியது. பதிவுகளைச் சேர்க்கும் கணினியான சேர்வர் நின்றிருந்த வேளையில் கொன்ட்ரோலர்கள் தங்களிடம் சேர்த்து வைத்திருந்த பதிவுகளை ஒரே மூச்சில் அனுப்பின. சில மென்பொருட்கள், பதிவு வந்து சேர்ந்த நேரத்தையே சம்பவ நேரமாக எடுத்துக்கொண்டன. பகல் நடந்த சம்பவத்துக்கு இரவுப் படம் குறிக்கப்பட்டிருந்தது. மென்பொருள் வாங்கும்போது வாடிக்கையாளர் சார்பில் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: நேரம் கதவினுடையதா, சேர்வரினுடையதா? விற்பனையாளர் யோசித்தால், செய்து காட்டச் சொல்லுங்கள். நெட்வேர்க் வயரைக் கழற்றி, அட்டையைக் காட்டி, சிறிது நேரம் விட்டு மாட்டிப் பார்க்கலாம்.

ஓகஸ்டில் கல்லடியில் நடத்திய பயிற்சிக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். அதில் பேசியதைச் சுருக்கமாகப் பதிகிறேன். இணைப்பு என்று சொன்னால் மூன்று விதம் இருக்கிறது. கதவுக் கொன்ட்ரோலரின் ரிலேயிலிருந்து (மின்சாரத்தால் இயங்கும் ஆளி) இரண்டு வயரை என்விஆரின் அலாரம் உள்ளீட்டுக்கு இழுப்பது முதலாவது. கதவு திறந்த நேரத்தில் படத்தில் அடையாளம் விழும், பெயர் விழாது. ஒரு கதவு, நாலு கமரா உள்ள கடைக்கு அதுவே தாராளம். இரண்டாவது, இரு மென்பொருட்களும் ஒன்றோடொன்று பேசுவது. பெயரும் படமும் சேர்ந்து வரும், கதவை உடைத்துத் திறந்தால் அந்தக் கமரா திரையில் முன்னுக்கு வரும், சம்பவத்துக்குப் பத்து விநாடி முன்னைய படமும் சேர்ந்து பதிவாகும். மூன்றாவது, கதவுக்கும் கமராவுக்கும் ஒரே மென்பொருள். அதில் கதவுக்கும் கமராவுக்கும் தனித்தனி உரிமக் கட்டணம், அதற்குமேல் வருடாந்தப் பராமரிப்பு, அதுவும் டொலரில். வாடிக்கையாளரின் தேவையைப் பார்த்துத்தான் பரிந்துரைக்க வேண்டும். பெரியதை விற்றால் கமிஷன் அதிகம் என்பதற்காகச் சின்னக் கடைக்காரன் தலையில் கட்டக்கூடாது என்று அக்கரைப்பற்று அங்கத்தவர் ஒருவர் எழுந்து சொன்னபோது கைதட்டல் வந்தது. கைதட்டியவர்களில் இரண்டொருவர் அப்படிக் கட்டியவர்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

பெட்டியில் 'ஒன்விஃப்' என்று அச்சடித்திருந்தால் எல்லாம் பொருந்தும் என்ற நம்பிக்கையும் அந்தப் பயிற்சியில் உடைந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2008இல் அக்சிஸ், பொஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொது வரைமுறை அது. ஆனால் அதற்குள் பல ப்ரொஃபைல்கள், அதாவது உட்பிரிவுகள் உண்டு. எஸ் (S), டி (T) இரண்டும் கமராப் படத்துக்கு, ஜி பதிவுக்கு. கதவுக்கு உரியவை சி, ஏ ஆகியவை. ரீடர் போன்ற வெளிக்கருவிகளுக்கு 2021இல் டி (D) எழுத்தில் இன்னொன்று வந்தது, ஆங்கில எழுத்து வேறு, கவனம். கமராவின் எஸ் முத்திரையைப் பார்த்துவிட்டுக் கதவும் பேசும் என்று விலை கொடுத்துவிட்டால் பிறகு கையைப் பிசைய வேண்டியதுதான். அந்த அமைப்பின் தளத்தில் பொருந்தும் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. மாதிரி இலக்கத்தைப் போட்டுத் தேடிவிட்டு விலை கொடுங்கள்.

ரீடருக்குப் போகும் வயரைப் பற்றியும் நீண்ட விவாதம் நடந்தது. நாங்கள் இன்னும் பெரும்பாலும் போடுவது, ரீடரிலிருந்து அட்டை இலக்கத்தைக் கொன்ட்ரோலருக்கு அனுப்பும் பழைய வீகாண்ட் முறை. 26 பிட், அதில் அட்டை இலக்கத்துக்கு 16 பிட், எந்த மறைகுறியும் இல்லை. வெளிச்சுவரில் இருக்கும் ரீடரின் இரண்டு ஆணியைக் கழற்றினால் பச்சை வயரும் வெள்ளை வயரும் கைக்கு வரும். அதில் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையை ஒட்டிவிட்டால் அட்டை இலக்கங்களைப் பொறுக்கிக்கொள்ளும். அதே வேலைக்கான புதிய ஓஎஸ்டிபி முறை ஆர்எஸ்-485 என்ற வகை வயர் இணைப்பில் ஓடுகிறது, இருபக்கமும் பேசும், ஏஇஎஸ்-128 மறைகுறி போடலாம், ரீடரைக் கழற்றினாலும் கொன்ட்ரோலருக்குத் தெரியும். 2020இல் அது சர்வதேசத் தரமாகவும் வந்துவிட்டது. புதுக் கட்டடங்களில் இனி இதையே பரிந்துரைப்பது என்று முடிவு. இரண்டு கட்டடங்களுக்கு இடையில் செம்பு வயர் இழுக்க வேண்டாம், ஃபைபர் போடுங்கள். ஒக்டோபர் இடிமின்னலில் ஒரே இரவில் கொன்ட்ரோலரும் சுவிட்சும் சேர்ந்து எரிந்த கதை இங்கே இருக்கும் பலருக்குச் சொந்தக் கதை.

ஒரு எச்சரிக்கை. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கமராக்களைப் பிடித்தது தொழிற்சாலைக் கடவுச்சொல்லை வைத்துத்தான். அப்போது பறிபோனவை கமரா, ரௌட்டர் போன்ற கருவிகள். கதவும் அதே நெட்வேர்க்கில் இருந்தால், கமராவுக்குள் நுழைந்தவன் கதவையும் திறக்கலாம். இரண்டையும் தனித்தனி வீலானில் (ஒரே நெட்வேர்க்கைப் பிரித்த தனிப் பகுதி) வைத்து, சேர்வர் மட்டும் இரண்டையும் தொடும்படி செய்யுங்கள். வெளியேறும் கதவு ஒருபோதும் மென்பொருளை நம்பி இருக்கக்கூடாது. கண்ணாடி உடைக்கும் அவசரப் பெட்டி, பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேரடியாக அறுக்க வேண்டும். டியூட்டரிகளுக்கும் விடுதிகளுக்கும் இதில் விலை பேசவே கூடாது.

படம் எத்தனை நாள் இருக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். 4 மெகாபிட் வேகத்தில் ஒரு கமரா நாளொன்றுக்கு 43 ஜிகாபைட் எழுதும். எட்டுக் கமராவுக்கு 4 டெராபைட் ஹாட் டிஸ்க் பன்னிரண்டு நாள்கூடத் தாங்காது. கதவின் பதிவேடோ வருடக் கணக்கில் கிடக்கும். ஒரு மாதம் கழித்து முறைப்பாடு வந்தால் பெயர் இருக்கும், முகம் இருக்காது. கதவு உடைப்பு, மறுக்கப்பட்ட அட்டை போன்ற சம்பவங்களின் படத்தை மட்டும் அழியாமல் தனியாகப் பூட்டி வைக்கும் வசதி பெரும்பாலான மென்பொருட்களில் உண்டு. அதைப் போட்டுக் கொடுங்கள். கைரேகையும் முகப்பதிவும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசேட வகைத் தரவுகள். சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போயிருக்கலாம், ஆனால் வேலையாட்களின் கைரேகைக் கோப்பைத் தன் பென் டிரைவில் கொண்டு திரியும் அங்கத்தவர்கள் இன்றைக்கே அதை அழிக்க வேண்டும்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு ஒரு அலுவலகம் கோரிய கேள்விப்பத்திரத்தில், எங்கிருந்தோ பிரதிபண்ணிய நிபந்தனைகள் இருந்தன. இரண்டு மாடிக் கட்டடத்துக்கு விமான நிலையத்துக்குரிய மென்பொருள் கேட்டார்கள், நேர வழங்கியையோ பற்றரியையோ ஒரு வரியிலும் கேட்கவில்லை. விளக்கம் கேட்டு எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.

வரும் ஆண்டு நிர்வாகசபைக்கு விட்டுச்செல்லும் வேலைகள் இரண்டு. வேலை முடித்துக் கொடுக்கும்போது கையளிக்கும் ஒரு பக்கப் படிவம் வரைவில் இருக்கிறது; கடவுச்சொல், நேர வழங்கி, பற்றரி மாற்றிய திகதி மூன்றும் அதில் வரும். கதவின் பட்டியலில் பெயருக்குப் பதில் ஊழியர் இலக்கத்தை அடிப்படையாக வைப்பதா என்ற விவாதமும் முடியவில்லை. ஒரே ஆளின் பெயர் சம்பளப் பட்டியலில் ஒரு எழுத்துக்கூட்டிலும் கதவில் இன்னொன்றிலும் கிடப்பதால் அது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

மண்டபம் தந்தவர்களுக்கும், பயிற்சிக்குக் கொன்ட்ரோலர் இரவல் தந்த அங்கத்தவருக்கும், வெள்ள நாட்களில் பிற அங்கத்தவர்களின் கடைகளுக்குப் போய் என்விஆர்களைக் கழற்றி மேலே வைத்த தம்பிமாருக்கும் சங்கத்தின் நன்றி. சங்கத்துக்குச் சொந்தமான ஆர்எஸ்-485 மாற்றியும் பற்றரி சோதிக்கும் கருவியும் செப்டெம்பரிலிருந்து யாரிடமோ இருக்கின்றன. புதிய நிர்வாகசபைத் தெரிவு தொடங்குவதற்கு முன் அவற்றை மேசையில் வைத்துவிடும்படி கேட்டு, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
மட்டக்களப்பு