எம்-1 ஏறினால் லாரி வாங்கலாமா?

சுங்கை சிப்புட்

அன்பு மணியம்,

பதில் போடாமல் இழுத்துவிட்டேன், திட்டாதே. இங்கே எல்லாரும் சுகம். அக்காவைக் கேட்டதாகச் சொல். எம்-1, அதாவது நாட்டில் உடனே செலவழிக்கக்கூடிய பணத்தின் அளவு, ஏறுகிறதே, லாரி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே நீ அனுப்பிய அமெரிக்க எம்-1 வரைகோட்டுப் படம் 'ரேடியோ' மாமா கைங்கரியம்தானே? வாசனையிலேயே தெரிகிறது.

முதலில் அதை அழி. 2020 மே மாதம் அமெரிக்காவில் எம்-1 மூன்று மடங்குக்கு மேல் எகிறியது நிஜம்தான். ஆனால் அவ்வளவும் புதுக் காசு இல்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் ஆறு தடவைக்கு மேல் பணம் மாற்றக்கூடாது என்றிருந்த விதியை அவர்களுடைய மத்திய வங்கி ஏப்ரலில் எடுத்தது. மே கணக்கிலிருந்து சேமிப்பையும் எம்-1-இல் சேர்த்துவிட்டார்கள். மாமா அதைப் பார்த்து உலகம் முடியப்போகிறது என்கிறார்.

நம் மலேசியக் கணக்கு வேறு. வெளியே புழங்கும் நோட்டும் சில்லறையும், அதோடு தனியாரின் கேட்பு வைப்பு, அதாவது நீ செக் கிழிக்கிற நடப்புக் கணக்கு, இவ்வளவுதான் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எம்-1. சேமிப்பும் பிக்சட்டும் (தவணை வைப்பு) எம்-2 என்ற பெரிய கணக்கில் வரும். பொருளாதாரம் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிக் காட்டும் புள்ளிவிவரத் துறையின் முன்னோடிக் குறியீட்டில் உள்ள ஏழு உறுப்புகளில் விலையேற்றம் கழித்த எம்-1-உம் ஒன்று. அதனால், "எம்-1 ஏறுது, நல்ல காலம் வருது" என்று நீ எழுதியதில் பாதி சரி.

மீதிப் பாதிதான் உன் லாரியைக் கவிழ்க்கும். ஆலை உனக்குச் செம்பனைக் குலைக் காசு போட்டால் எம்-1 அசையாது. அவன் கணக்கில் குறைந்தது உன் கணக்கில் ஏறும். வங்கி புதுக் கடன் கொடுத்தால் ஏறும், எண்ணெய் விற்ற டாலரை நம் வெள்ளியாக்கினால் (ரிங்கிட்) ஏறும். கடனைக் கட்டினால் இறங்கும், வரி கட்டினாலும் இறங்கும், ஏனென்றால் அரசாங்கத்தின் வைப்பு இதில் சேராது. பிக்சட்டை உடைத்து நடப்பில் போட்டாலும் ஏறும்தான், ஆனால் அதனால் ஒரு லாரிக்கும் வேலை வராது.

2020-ஐப் பார். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, ஆறு மாதம் கடன் தவணை ஒத்திவைப்பு, 3.00 விழுக்காட்டில் இருந்த ஓபிஆர் (பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி) ஜூலைக்குள் 1.75. பிக்சட்டில் போட்டு என்ன பயன் என்று எல்லாரும் காசை நடப்பிலேயே விட்டார்கள். கேட்பு வைப்பு ஊதியது, பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. 1998-இல் வட்டி உச்சியில் நின்றது, எம்-1 விழுந்தது, பொருளாதாரமும் 7 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. இறங்கினபோது உண்மை சொன்ன எண், ஏறினபோது ஏமாற்றியது.

ஆகவே ஒரு மாத எண்ணை நம்பாதே. சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளான ராயாவுக்கும் முன்னால் மக்கள் நோட்டாக எடுப்பார்கள். கேட்பு வைப்பு இறங்கும், பிறகு திரும்பும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடலாம் என்றால் ராயா வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்கிறது. மூன்று மாத சராசரி எடு, விலையேற்றத்தைக் கழி. இபிஎப் (ஊழியர் சேமநிதி) கதவு திறந்த மாதங்களைத் தனியாகக் குறித்து வை: 2022 ஏப்ரலில் 10,000 வெள்ளி சிறப்பு மீட்பு, 2024 மே 11-இல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு. அதெல்லாம் பழைய சேமிப்பு, புதுச் சம்பாத்தியம் இல்லை.

பிறகு பக்கத்தில் இரண்டு வரிசை வை: பிக்சட், வழங்கப்பட்ட கடன். அங்கீகரித்த கடன் வேண்டாம், அது காகிதத்தோடு நின்றுவிடும். கேட்பு வைப்பு ஏற, பிக்சட் இறங்க, கடன் அப்படியே நின்றால் காசு பயந்து ஒதுங்கியிருக்கிறது. வைப்பும் கடனும் சேர்ந்து ஏறி, ஏறின வைப்பு தொழில் நிறுவனங்களின் பெயரில் இருந்தால் வேலை நடக்கிறது, லாரியைப் பேசலாம். அப்போதும் குலை விலையைப் பார்த்துவிட்டுப் பேசு. 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியபோது லாரி எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட தவுக்கேமார் (முதலாளிகள்) சிலரை உனக்கே தெரியும்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. வீடு விற்ற காசு நாலு லட்சத்தையும் ஒரே வங்கியில், ஒரே நடப்புக் கணக்கில் போட்டிருக்கிறாயாமே, அக்கா சொன்னாள். வங்கி விழுந்தால் வைப்பைத் திருப்பித் தரும் பிடிம் (வைப்புக் காப்புறுதிக் கழகம்) காப்பு ஓர் ஆளுக்கு, ஒரு வங்கிக்கு 250,000 வெள்ளி வரைதான். திங்கட்கிழமையே பிரித்துப் போடு. லாரிக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

உன்
செல்வம்